முதலில் சம்பளம், பிறகு மௌனம்

2025 செப்டெம்பர் 1, திங்கள்

மனித விழுமியங்களையும் சமயம் சாராத ஆன்மிகத்தையும் வேலையிடத்துக்குள் கொண்டுவர நினைக்கும் நிர்வாகங்கள் எடுத்தவுடன் ஒரு பேச்சாளரைத்தான் தேடுகின்றன. அரைநாள் கருத்தரங்கு, மத்தியானச் சாப்பாடு, சான்றிதழ். அதெல்லாம் ஆறுதலாகச் செய்யலாம். முதலில் சம்பளக் கொப்பியை எடுங்கள்.

பார்க்க வேண்டியவை சில. இலங்கையின் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. அதற்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரிடமிருந்து 8 வீதம், தொழில் தருநரிடமிருந்து 12 வீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு உரிய 3 வீதம் முழுக்கத் தொழில் தருநருடையது. வழக்கமாக நடக்கும் கோளாறு இரண்டு. ஒன்று, முதலாளி கட்ட வேண்டிய 12 வீதத்தையும் சுற்றிவளைத்து ஊழியரின் தலையிலேயே கட்டுவது. மற்றது, அடிப்படைச் சம்பளத்தைச் சின்னதாகக் காட்டி மிச்சத்தை ஏதோ ஒரு கொடுப்பனவு என்று எழுதி, அந்தச் சின்னத் தொகைக்கு மட்டும் நிதி கட்டுவது. மாதம் முடிந்ததும் ஒவ்வொருவர் கையிலும் விபரமான சம்பளச் சிட்டை போய்ச் சேர்ந்தால் இரண்டும் ஒரே நாளில் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

ஓவர்டைம் காசு நிலுவையில் கிடக்கும் இடத்தில் ‘மூச்சைக் கவனியுங்கள்’ என்று சொன்னால், ‘வாயைப் பொத்துங்கள்’ என்றுதான் கேட்பவருக்கு விளங்கும். விளங்குவதில் பிழையும் இல்லை.

செப்டெம்பர் 3, புதன்

விண்ணப்பப் படிவம். சமயம் என்ற கட்டத்தை வெட்டுங்கள். தகப்பனின் தொழில் கேட்கப்பட்டிருந்தால் அதையும். முகவரியும் அடையாள அட்டைப் பிரதியும் ஆளைத் தெரிவு செய்த பிறகு வாங்கினால் காணும். பெயர், தொலைபேசி இலக்கம், தெரிந்த வேலை, செய்த வேலை ஆகியவையே முதல் தாளுக்குப் போதும்.

நேர்முகத்தில் கேட்கக்கூடாத கேள்வி ஒன்று உண்டு: ‘தம்பி எவடம்?’ அதற்கு மறுமொழி வந்ததும் அடுத்த கேள்வி ‘அதிலை எந்தக் கோயிலடி?’ கேட்பவர் எதை அறியப் பார்க்கிறார் என்பது யாழ்ப்பாணத்தில் எல்லாருக்கும் தெரியும். சாதியைக் காரணம் காட்டி ஒருவரைத் தடுப்பது குற்றம் என்று 1957லேயே சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்துவிட்டது. ‘எந்தக் கோயிலடி’ சட்டத்துக்குப் பக்கத்தாலே நழுவிப்போகிற கேள்வி. போக்குவரத்துக்காகத்தான் கேட்டோம் என்று சொல்வார்கள். அப்படியானால் ‘வேலைக்கு வந்துசேர எவ்வளவு நேரம் எடுக்கும்?’ என்று கேட்கலாம். தேவையான தகவல் அதிலேயே வந்துவிடும்.

அடுத்தது தேத்தண்ணித் தட்டு. கோப்பைகளைக் கவிழ்த்துப் பாருங்கள். பத்துக் கோப்பைக்கு ஒன்றில் அடிப்பக்கத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி இருக்கலாம். அல்லது விளிம்பு உடைந்த ஒன்று குழாயடி யன்னலில் தனியாகக் கிடக்கலாம். கூட்டித் துடைக்க வருபவருக்கு அது. ஆர் சொல்லி அப்படி வந்தது என்று விசாரிக்க வெளிக்கிட வேண்டாம். ஒருத்தரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அதுதான் சிக்கல். முப்பது பேருக்கு முப்பத்தைந்து கோப்பை, எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. பழையதை வெளியே எடுங்கள். குடித்தவரே கழுவி வைக்க வேண்டும், முகாமையாளர் உட்பட. முகாமையாளர் கழுவத் தொடங்கிய கிழமையில்தான் மற்றவர்களும் கழுவுவார்கள்.

‘நீ’, ‘நீர்’, ‘நீங்கள்’. வேலை நேரத்தில் எல்லாருக்கும் ‘நீங்கள்’. அண்ணை, அக்கா, தம்பி, பிள்ளை என்ற முறைகள் அப்படியே இருக்கட்டும், அவற்றில் கை வைத்தால் கந்தோர் மரத்துப்போகும். ‘நீர்’ என்பது அன்பால் வருவது என்று மேலதிகாரிகள் சிலர் வாதாடுவார்கள். சோதனை சுகம்: காவலாளி திருப்பி அவரை ‘நீர்’ என்று கூப்பிடலாமா? ஏலாது என்றால் அது அன்புக் கணக்கில் வராது.

செப்டெம்பர் 4, வியாழன்

நாளைக்கு மீலாத் விடுமுறை. வாராந்தக் கூடல்களுக்கு நேரம் குறிக்கும்போது வெள்ளியைத் தவிருங்கள். காலையில் கோயில், மத்தியானம் ஜும்ஆ. ஞாயிறு வேலை நடக்கும் இடமென்றால் அன்று காலையும் சரிவராது. புதன் பின்னேரம் மூன்றரை மணி ஒருவருக்கும் இடைஞ்சல் தராத நேரம்.

செப்டெம்பர் 9, செவ்வாய்

இனி மௌனத்துக்கு வரலாம்.

எழுந்து நின்று ஒரு நிமிடம் பேசாதிருந்தால் இங்கே அது அஞ்சலி. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். விளக்கொன்றையும் ஏற்றிவிட்டால் யாருக்காக, எந்த நாளுக்காக என்ற கேள்வி தானாக எழும். ஆகவே இருந்தபடி. விளக்கு, படம், சாம்பிராணி ஒன்றும் வேண்டாம். கோயில் மணியைத் தட்டாதீர்கள். தியானப் பயிற்சிகளில் அடிக்கும் வெண்கலக் கிண்ணத்தையும் வாங்காதீர்கள். அது பௌத்த விகாரையை நினைவூட்டும், இந்த ஊரில் அந்த நினைவு அரசியலாகிவிடும். போனில் இரண்டு நிமிட அலாரம், சத்தமில்லாமல் அதிர்வு மட்டும்.

நேரம்: காலை வேலை தொடங்கும்போது வேண்டாம். பருத்தித்துறைப் பக்கமிருந்தும் காரைநகர்ப் பக்கமிருந்தும் வரும் பஸ் பிந்தினால், மௌனம் வரவுப் பதிவேடாகிப் போகும். பத்து மணித் தேத்தண்ணி முடிந்த கையோடு வைத்தால் எல்லாரும் உள்ளேதான் இருப்பார்கள். சம்பள நேரத்துக்குள் அடங்க வேண்டும், ஓய்வு நேரத்தில் வெட்டக்கூடாது.

செய்முறை இவ்வளவுதான். முதுகு சாயும் கதிரை. இரண்டு பாதமும் நிலத்தில், கை தொடையில். பார்வை ஐந்தடி தள்ளி நிலத்தில். கண்ணை மூடுவது அவரவர் விருப்பம். முதல் அரை நிமிடம் பாதம் நிலத்தில் படுவதைக் கவனிப்பது. அடுத்த ஒரு நிமிடம் வெளிமூச்சை ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணுவது, எண்ணிக்கை தவறினால் திரும்ப ஒன்று. கடைசி அரை நிமிடம், எழும்பியதும் கையில் எடுக்கப்போகும் முதல் வேலை எது என்று தீர்மானிப்பது. நடத்துபவர் நாலு வசனத்துக்கு மேல் பேசினால் அது பிரசங்கம். அந்தப் பொறுப்பு கிழமைக்குக் கிழமை கை மாற வேண்டும். ஒரே ஆள் நடத்தினால் மூன்றாம் மாதம் அவர் குருவாகிவிடுவார். பார்க்கப் பாவமாக இருக்கும்.

விருப்பமில்லாதவர் தன் மேசையிலேயே சும்மா இருக்கலாம். காரணம் கேட்கவோ குறித்து வைக்கவோ வேண்டாம்.

செப்டெம்பர் 10, புதன்

நேற்றைய குறிப்பில் கண்ணை மூடுவதைக் கட்டாயமாக்க வேண்டாம் என்றதற்குக் காரணம் போர். ஷெல்லடிக்குள் பங்கருக்குள் இருந்து வளர்ந்தவர்கள் இன்று நாற்பது, ஐம்பது வயதுகளில் எல்லாக் கந்தோரிலும் இருக்கிறார்கள். அமைதியான அறையில் கண்ணை மூடி மூச்சையே கவனிக்கும்போது சிலருக்கு நெஞ்சு அடைக்கும், இதயம் அடித்துக்கொள்ளும், காது இரையும். மூச்சு விசயம் அவர்களுக்கு ஒத்துவராது. வெளியே பார்க்கச் சொல்லுங்கள்: யன்னலுக்கு அப்பால் தெரியும் ஐந்து பொருட்களை எண்ணட்டும், அல்லது தண்ணிப் போத்தலைக் கையில் பிடித்து அதன் குளிரைக் கவனிக்கட்டும். பலன் ஒன்றுதான்.

யாராவது நடுங்கினால், அழுதால் சபை நடுவில் வைத்து ‘என்ன நடந்தது’ என்று கேட்காதீர்கள். பக்கத்திலிருக்கும் ஒருவர் கூடவே எழுந்து வெளியே கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீர் கொடுத்துப் பக்கத்தில் இருந்தால் சரி. அது தொடர்ந்தால் யாழ் போதனா வைத்தியசாலையின் உளமருத்துவப் பிரிவு இருக்கிறது. தேசிய உளநல உதவி இலக்கம் 1926. இரண்டையும் அறிவித்தல் பலகையில் ஒட்டி வைக்கலாம்.

சமயப் பேச்சைக் கழற்றி வைத்துவிட்டுத் தியானத்தை வைத்தியசாலைக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஜோன் கபாட்-சின். 1979இல் மசாசூசெற்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய அவருடைய திட்டம் எட்டுக் கிழமை நீளம். ஒவ்வொரு கிழமையும் இரண்டு, இரண்டரை மணித்தியால வகுப்பு, வீட்டில் நாளாந்தப் பயிற்சி, அதற்கென்று பழகிய ஆசிரியர். தேத்தண்ணிக்குப் பிறகு இரண்டு நிமிடம் இருந்துவிட்டு அந்தத் திட்டத்தின் பலன்களை எதிர்பார்ப்பது நியாயமில்லை. இந்த இரண்டு நிமிடம் செய்வது சின்ன வேலை: ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவில் மூச்சு விட இடம் தருவது.

செப்டெம்பர் 15, திங்கள்

அமைதி அறை. நியூயோர்க்கில் ஐக்கிய நாடுகள் தலைமையகத்தில், அன்றைய செயலாளர் நாயகம் டாக் ஹமர்ஷெல்ட் தானே கவனமெடுத்து அமைத்த அறை ஒன்று 1957 முதல் இருக்கிறது. எந்தச் சமயச் சின்னமும் இல்லை. நடுவில் சுவீடன் கொடுத்த ஆறரைத் தொன் இரும்புத்தாதுக் கல், மேலிருந்து அதில் விழும் ஒளி, சுவரில் ஓர் ஓவியம், இருக்கக் கொஞ்ச ஆசனம். எல்லாருக்கும் பொதுவாக இருக்க வேண்டுமானால் எதை வைப்பது என்பதைவிட எதை வைக்காமல் விடுவது என்பதில்தான் அவர் கூடுதலாக மினக்கெட்டிருக்கிறார்.

நமக்குப் பத்துக்கு எட்டடி அறை போதும். களஞ்சிய அறையின் ஒரு மூலையைப் பலகையால் மறித்தாலும் சரி. ஜெனரேற்றருக்குப் பக்கத்தில் வேண்டாம். இரண்டு கதிரை, ஒரு பாய், ஒரு யன்னல், மண்பானைத் தண்ணீர். செருப்பைக் கழற்று என்று பலகை போட்டால் அது கோயிலாகிவிடும். ஆனால் தொழ விரும்புபவருக்குச் சுத்தமான நிலம் வேண்டும். கழுவித் துடைத்த நிலமும் சுருட்டி வைத்த பாயும் இரண்டையும் தீர்க்கும். சுவர்களை வெறுமையாக விடுங்கள்.

கெடுவது எப்படி? இரண்டாம் மாதம் யாரோ ஒரு பெட்டியைக் கொண்டுவந்து ‘ரெண்டு நாளைக்கு’ வைப்பார்கள். மூன்றாம் மாதம் பழைய பிரின்ரர் வரும். மற்றது திறப்பு: அது முகாமையாளரின் லாச்சியில் இருந்தால் ஒருவரும் போய்க் கேட்க மாட்டார்கள். பூட்டே வேண்டாம். உள்ளே கமராவும் வேண்டாம்.

செப்டெம்பர் 17, புதன்

வாராந்தக் கூடல். எட்டுப் பேரிலிருந்து பத்துப் பேர், இருபத்தைந்து நிமிடம், ஆளுக்கு ஒன்றரை நிமிடம். கேள்வி ஒன்றே: ‘இந்தக் கிழமை உங்கட வேலையை ஆர் லேசாக்கினது, எது கஷ்டமாக்கினது?’ ஒருவர் சொல்லும்போது மற்றவர் புத்திமதி சொல்லக்கூடாது. மேலதிகாரி கடைசியாகப் பேச வேண்டும். முதலில் பேசினால் மிச்சப்பேர் எல்லாரும் அவருடைய வசனத்தையே திருப்பிச் சொல்வார்கள்.

முதல் கூடலிலேயே நன்றி முழுக்க மேல்நோக்கிப் போகும். ‘சேர் தந்த ஒத்துழைப்பு…’ ஐஸ் வைப்பதை நிறுத்த ஒரு விதி போதும்: தனக்கு மேல் பதவியில் இருப்பவருக்கு இங்கே நன்றி சொல்லக்கூடாது. ஒரு நிமிடம் எல்லாரும் திக்குமுக்காடுவார்கள். பிறகு சாரதியின் பெயர் வரும், களஞ்சியப் பெடியனின் பெயர் வரும். தேத்தண்ணி போடும் அக்காவுக்கும் வட்டத்தில் கதிரை வேண்டும், அந்த இருபத்தைந்து நிமிடம் அவர் தேத்தண்ணி போடக்கூடாது.

செப்டெம்பர் 22, திங்கள்

கொழும்புத்துறையில் வாழ்ந்த சைவ ஞானி யோகர் சுவாமிகளின் ‘ஒரு பொல்லாப்பும் இல்லை’ யாழ்ப்பாணத்தில் சமயம் கடந்தும் புழங்கும் வாசகம். வேலையிடத்தில் அது ஆர் வாயிலிருந்து வருகிறது என்பதைப் பாருங்கள். தன் கஷ்டத்தைப் பற்றித் தானே சொன்னால் அது திடம். மேலதிகாரி இன்னொருவரின் முறைப்பாட்டுக்கு மறுமொழியாகச் சொன்னால் முறைப்பாடு அந்த இடத்திலேயே செத்துவிடும். பணிவு, பொறுமை, விட்டுக்கொடுப்பு எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

ஆகவே முறைப்பாட்டுப் பெட்டி. சின்ன இடங்களில் இது தோற்பதற்குக் காரணம் கையெழுத்து. எழுத்தைப் பார்த்தவுடன் ஆளைச் சொல்லிவிடுவார்கள். தட்டச்சில் பதினைந்து விடயங்களை அச்சடித்து, பொருந்துவதற்கு நேரே சரி போடும் துண்டுகளாகக் கொடுங்கள்: சம்பளம் பிந்தியது, ஏச்சு, தகாத பேச்சு, தகாத தொடுகை, கழிவறை, லீவு மறுப்பு, இப்படி. பெட்டி குழாயடியில், கமராவுக்கு எட்டாத இடத்தில். இரண்டு பூட்டு, ஒரு திறப்பு ஊழியர்கள் தெரிவு செய்தவரிடம், மற்றது நிர்வாகத்திடம். திங்கள்தோறும் திறப்பது, ஏழு நாளுக்குள் பலகையில் மறுமொழி. ‘ஏலாது, காரணம் இது’ என்பதும் மறுமொழிதான். பதிலே வராவிட்டால் ஒரு மாதத்தில் பெட்டிக்குள் ரொபிக் கடதாசிதான் கிடக்கும்.

செப்டெம்பர் 26, வெள்ளி

துக்கம். செத்தவீட்டுக்கு வான் பிடித்துப் போவதில் நம்மவர்களைக் குறைசொல்ல முடியாது. அதற்குப் பிறகுதான் இடைவெளி. 31ஆம் நாள் அந்தியேட்டி முடிந்து, ஊர்ச்சனமும் உறவும் வருவது குறைந்த பிறகு வரும் கிழமைகளில் ஆள் மேசையில் இருப்பார், வேலை ஓடாது, கணக்கில் பிழை வரும். அந்த மாதத்துக்கு அவர் எழுதும் காசோலையை இன்னொருவர் சரிபார்க்கட்டும். இதை முன்கூட்டி அவரிடமே சொல்லிச் செய்ய வேண்டும்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்குத் திகதியும் இல்லை, சடங்கும் இல்லை. மரணச் சான்றிதழ் கேட்கும் லீவுப் படிவம் அவர்களை வெளியே விட்டுவிடுகிறது. ‘குடும்ப நினைவு நாள், வருடத்துக்கு ஒன்று, ஆதாரம் தேவையில்லை’ என்று ஒரு வரி சேர்த்தால் துவசத்துக்கும் அது உதவும், கல்லறைக்குப் போகவும் உதவும், ஒன்றும் செய்யாமல் வீட்டில் இருக்கவும் உதவும்.

ஒக்டோபர் 1, புதன்

நாளைக்கு விஜயதசமி. வாணி விழாவை நிறுத்து என்று ஒருவரும் கேட்கவில்லை. அவலும் கடலையும் எல்லாருக்கும் பிடிக்கும். காசு சேர்க்கும் முறையைத்தான் மாற்ற வேண்டும். பெயருக்கு நேரே தொகை எழுதும் தாளை மேசை மேசையாகக் கொண்டுபோனால் கிறிஸ்தவரும் முஸ்லிமும் கடவுள் நம்பிக்கை இல்லாதவரும் கொடுத்தே தீருவார்கள், சம்பளம் குறைந்தவர் கடன்பட்டுக் கொடுப்பார். மூடிய உண்டியல் ஒன்றைக் கணக்குப் பகுதியில் மூன்று நாள் வைத்தால் போதும். நத்தார் ஒளிவிழாவுக்கும் இப்தாருக்கும் இதே முறை. குறைந்தால் நிர்வாகம் ஈடுசெய்யட்டும். மூன்றுக்கும் ஒரே தொகை வரை.

ஒக்டோபர் 3, வெள்ளி

மாதக் கணக்கு. ‘மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா’ என்ற கேள்விக்கொத்தால் பலனில்லை, எல்லாரும் ஆம் என்றுதான் போடுவார்கள். ஒரு கொப்பியில் நாலு நிரல்: சம்பளம் எத்தனை நாள் பிந்தியது, கொடுக்கப்படாத ஓவர்டைம் மணித்தியாலம், பெட்டியில் வந்த துண்டும் மறுமொழி போனதும், விலகியவர்கள். விலகியவர்களை அவர்கள் போய் ஒரு மாதத்துக்குப் பிறகு தொலைபேசியில் கேளுங்கள். சேவைக் கடிதமும் கடைசிச் சம்பளமும் கையில் கிடைக்கும் வரைக்கும் ஒருவரும் உண்மைக் காரணத்தைச் சொல்வதில்லை. மௌனத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதற்கு நிரல் வேண்டாம். எண்ணத் தொடங்கினால் அது கட்டாயமாகிவிடும். கொப்பி இருக்க வேண்டிய இடம் தேத்தண்ணி மேசை.