பழைய ஆர்எக்ஸ் 100: கோன் செட்டும் ஸ்விங் ஆர்ம் புஷ்ஷும்

யமஹா ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்கள் நான்கு பேர் கூடினால் பேச்சு பெரும்பாலும் ரீபோர், கார்புரேட்டர், சைலன்சர் என்று எஞ்சினைச் சுற்றியே நடக்கிறது. 1985 முதல் 1996 வரை இந்தியாவில் உற்பத்தியான வண்டி இது. கடைசியாக வெளிவந்ததற்கே இன்று ஏறத்தாழ முப்பது வயது. இத்தனை ஆண்டுகளில் பலமுறை பிரித்துச் சேர்க்கப்பட்ட எஞ்சினை இன்னமும் சீராட்டுகிறவர்கள், வண்டியை நேராக ஓட வைக்கும் இரண்டு மூட்டுகளை ஏதாவது உடையும்வரை தொடுவதே இல்லை. ஒன்று ஹேண்டிலுக்குக் கீழே சேஸிஸ் கழுத்தில், ஹேண்டில் திரும்புவதற்காக இருக்கும் கோன் செட்; கிண்ணம் போன்ற கப், அதில் பொருந்தும் கோன், இரண்டுக்கும் நடுவே உருளும் பால்ரஸ் குண்டுகள் எனக் கழுத்தின் மேலும் கீழும் அமைந்தது. மற்றொன்று பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் ஸ்விங் ஆர்ம் என்ற கையின் மூட்டிலுள்ள உருளை வடிவ புஷ்.

கோன் செட் கெடும் விதம் சக்கர பேரிங் கெடும் விதத்திலிருந்து வேறுபட்டது. சக்கர பேரிங் முழுச் சுற்றாகச் சுழல்வதால் கிரீஸ் எப்போதும் குண்டுகளின் மீது புதிதாகப் படர்ந்துகொண்டே இருக்கும். கோன் செட்டோ சாலையில் ஓடும் நேரமெல்லாம் நடுநிலையிலிருந்து சில டிகிரிக்கு மேல் திரும்புவதில்லை. ஆகவே ஒவ்வொரு பால்ரஸ் குண்டும் கப்பின் ஒரே இடத்திலேயே உட்கார்ந்து, குழியிலும் வேகத்தடையிலும் முன்சக்கரம் வாங்கும் அடிகளை அந்த ஒரு புள்ளிக்கே கடத்துகிறது. அந்த இடத்துக் கிரீஸ் பிதுங்கி வெளியேறிவிட, உலோகத்தோடு உலோகம் உரசத் தொடங்கி, நாளடைவில் கப்பின் பாதையில் பல்லாங்குழிப் பலகையைப் போல வரிசையாகச் சிறு பள்ளங்கள் விழுகின்றன. எடையை நேரடியாகத் தாங்குவதாலும், முன்சக்கரம் வாரியிறைக்கும் சேறும் நீரும் முதலில் வந்து சேர்வதாலும் கீழ்ப்பக்கக் கோன்தான் முதலில் போகும்.

இந்தத் தேய்மானம் மிக மெதுவாக நிகழ்வதால் ஓட்டுபவரின் கை அதற்கேற்பப் பழகிவிடுகிறது என்பதே இதிலுள்ள ஆபத்து. அதனால்தான் உணர்வை நம்பாமல் சோதித்துப் பார்க்க வேண்டும் என்கிறேன். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, சைலன்சர் குழாயின் மீது எடை விழாதபடி எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து எழுப்பிக்கொள்ளுங்கள். ஹேண்டிலை விரல் நுனியால் இடமிருந்து வலமாக மெல்லத் திருப்பும்போது நடுவில் ஓரிடத்தில் அது தானாகச் சென்று அமர்ந்தால் பள்ளம் விழுந்துவிட்டது என்று பொருள். பிறகு முன்சக்கரத்தை இருபுறமும் தாங்கும் இரண்டு ஃபோர்க்கின் அடிப்பகுதியையும் பிடித்து முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். அப்போது உதவிக்கு ஒருவர் கழுத்தும் ஃபோர்க்கும் சேரும் இடுக்கில் விரலை வைத்துப் பார்த்தால், ஆட்டம் கோன் செட்டில் இருக்கிறதா, ஃபோர்க்கின் உள்ளே இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை உலுக்கிப் பார்ப்பது மட்டும் போதாது. பிரேக் பிளேட்டின் ஆட்டமும் அதே 'டொக்' ஓசையைத் தரும்.

பள்ளம் விழுந்த கோன் செட்டை இறுக்கிச் சரிசெய்ய முடியாது. பல பட்டறைகளில் இன்றும் அதைத்தான் செய்கிறார்கள். ஓசை நின்றுவிடுவதால் வாடிக்கையாளரும் நிறைவோடு போய்விடுகிறார். ஆனால் இருசக்கர வண்டி தன் சமநிலையைக் காப்பது, முன்சக்கரம் கணந்தோறும் தானே சிறிது திரும்பித் திருத்திக்கொள்வதால்தான். அந்தச் சுதந்திரத்தை இறுக்கிப் பறித்துவிட்டால், குறைந்த வேகத்தில் வண்டி பாம்புபோல நெளியும்; வளைவிலிருந்து நிமிர மறுக்கும். பள்ளத்தைக் கண்டால் கப், கோன், குண்டு அனைத்தையும் மாற்றுவதே வழி. பழைய கப்பில் புதுக் குண்டுகளை மட்டும் போடுவது பணத்தையும் உழைப்பையும் வீணாக்குவதாகும்.

பிரிக்கும்போது கீழே ஒரு துணியை விரித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் ஃபோர்க்கின் தண்டு இறங்கியதும் குண்டுகள் உதிரும். மேல் குண்டுகளையும் கீழ்க் குண்டுகளையும் தனித்தனிக் கிண்ணங்களில் வைப்பது நல்லது. இரண்டும் ஒரே அளவுதான் என்று எண்ணிவிடக் கூடாது. பழைய கப்பை எதிர்ப்புறமிருந்து நீண்ட பஞ்ச் கொண்டு, ஒரே இடத்தில் அடிக்காமல் சுற்றிச் சுற்றித் தட்டி வெளியேற்ற வேண்டும். புதியதைச் சுத்தியலால் அடித்து இறக்குவதைவிட, நீண்ட மரையாணியும் தடித்த வாஷர்களும் கொண்டு இழுத்து உட்கார வைப்பதே பாதுகாப்பானது. கப்பில் தாராளமாகக் கிரீஸ் பூசிக் குண்டுகளை நிரப்பினால், கடைசியில் ஒரு குண்டு நுழைய முடியாத அளவுக்குச் சிறிய இடைவெளி எஞ்ச வேண்டும். அந்த இடைவெளியிலும் ஒன்றைத் திணித்தால் குண்டுகள் ஒன்றையொன்று நெருக்கி உருள மறுக்கும்.

கிரீஸைப் பொறுத்தவரை, நீரைத் தாங்கும் லித்தியம் வகை போதுமானது. பழையதை மண்ணெண்ணெயில் முழுவதும் கழுவி, உலர்த்திய பிறகே புதியதைப் பூச வேண்டும். எவ்வளவு நல்ல கிரீஸாக இருந்தாலும், நம் ஊர் வாட்டர் சர்வீஸில் கழுத்தை நோக்கிப் பீய்ச்சும் நீரின் அழுத்தத்துக்கு அது ஈடுகொடுக்காது. அந்த இடங்களை வாளித் தண்ணீரும் துணியும் கொண்டு கழுவுவதே என் வழக்கம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளில் எஞ்சின் ஆயிலை மாற்றியவர்கள் பலர். கழுத்தைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு என்றே நினைக்கிறேன். அப்படிப்பட்ட வண்டியை வாங்க நேர்ந்தால் முதல் வேலையாகக் கழுத்தைத் திறந்து கிரீஸை மாற்றுங்கள். மற்றவர்களுக்கு இரண்டு மழைக்காலத்துக்கு ஒருமுறை போதும்.

மாட்டியபின் வளைய நட்டைச் சற்று அழுத்தமாகவே இறுக்கி, ஹேண்டிலை இருபுறமும் முழுவதுமாகப் பலமுறை திருப்பிக் கப்புகளை அமரவிட்டு, பின்னர் தளர்த்தி, ஆட்டம் மறையும் புள்ளிவரை மட்டும் மீண்டும் இறுக்க வேண்டும். மேலே உள்ள பெரிய நட்டை முடுக்கும்போது மரையிலுள்ள இடைவெளி மறைந்து கோன் இன்னும் சிறிது இறுகும் என்பதால், அதற்குப் பிறகும் ஒருமுறை திருப்பிப் பார்ப்பது கட்டாயம். சரியாக அமைந்திருந்தால், நடுவிலிருந்து மெல்லத் தட்டிய ஹேண்டில் தன் எடையாலேயே ஓரத்துக்குச் சாயும். சாயாவிட்டால் நட்டைக் குறைகூறுமுன் கிளட்ச் கேபிளும் வயர்களும் எங்காவது இழுத்துப் பிடிக்கின்றனவா என்று பாருங்கள்.

ஸ்விங் ஆர்மைச் சோதிக்க, பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஆர்மின் முனையைப் பக்கவாட்டில் அசைத்தால் போதும். ஆட்டம் இருந்தால் வளைவில் பின்பகுதி தனியே வழுக்குவதுபோலத் தோன்றும். பலர் அதை டயரின் குறையாக எண்ணிப் புது டயர் வாங்குகிறார்கள். புஷ்ஷைவிடப் பெரிய தொல்லை, அதன் உள்ளே செல்லும், துருப்பிடித்து உருகி ஒட்டியதுபோலாகிவிடும் நீண்ட போல்ட்தான். அதை ஆண்டுக்கொருமுறை உருவித் துடைத்துக் கிரீஸ் தடவினால் அந்நிலை வராது. ரப்பர் ஒட்டிய புஷ் உள்ள வண்டிகளில் மட்டும் ரப்பரின் மேல் கிரீஸ் படக்கூடாது. இறுதி இறுக்கத்தையும் வண்டி தன் எடையோடு சக்கரத்தில் நிற்கும்போதே கொடுக்க வேண்டும். ஸ்டாண்டில் தொங்கிய நிலையில் இறுக்கினால், ஓடும்போது அந்த ரப்பர் எப்போதும் முறுக்கப்பட்ட நிலையிலேயே வேலை செய்து விரைவில் கிழிந்துவிடும்.