சைக்கிளிலிருந்து ஏன் இறங்க வேண்டும்? படிவம் 4-க்கு ஒரு வரலாற்றுக் கேள்வி

மலேசிய இடைநிலைப் பள்ளியின் நான்காம் ஆண்டான படிவம் 4-இல் தேசியவாத எழுச்சியை ‘காரணங்களைப் பட்டியலிடுக’ என்று தொடங்கினால், மாணவர்கள் பாடநூலில் உள்ளதை அப்படியே எழுதி மூடிவிடுவார்கள். கேள்விக்குள்ளேயே ஒரு முடிச்சு வேண்டும். 1941-இல் கிள்ளான் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தில் அது இருக்கிறது. கோலாலம்பூர்ப் பிள்ளைகளுக்கு அது கொமுட்டர் ரயில் போகும் தூரம்தான்.

இந்தியத் தொழிலாளர்கள் கேட்டவை பல: சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, மருத்துவ வசதி, பிள்ளைகளுக்குக் கல்வி, பெண்களிடம் அத்துமீறுவதற்கு முடிவு, கள்ளுக்கடைகளை மூடுவது, சங்கம் அமைக்கும் உரிமை. இவற்றோடு, துரையோ (வெள்ளைக்கார நிர்வாகி) கிராணியோ (தோட்ட எழுத்தர்) எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்க மாட்டோம் என்பதும் இருந்தது. அதை மட்டும் முதலில் பலகையில் எழுதுங்கள். “கூலி கேட்டவர்கள் சைக்கிளைப் பற்றி ஏன் கேட்டார்கள்?” ஐந்து நிமிடம் பேச்சில்லாமல் ஒவ்வொருவரும் பதில் எழுதட்டும். தாள்களை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு நால்வர் கொண்ட குழுக்கள். கோரிக்கைகளைத் துண்டுச் சீட்டுகளாக வெட்டிக் கொடுத்து, வயிறு, உடல், மானம் என மூன்று குவியலாகப் பிரிக்கச் சொல்லுங்கள். பதினைந்து நிமிடம் போதும். கள்ளுக்கடையில் சண்டை வரும்: கூலிப் பணம் அங்கே போவதால் வயிறா, குடும்பம் சீரழிவதால் மானமா? நீங்கள் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். சொன்ன கணத்தில் எல்லாப் பேனாவும் உங்கள் வாக்கியத்தை எழுதும், தேடல் நின்றுவிடும்.

போர்க்காலத்தில் ரப்பருக்குத் தேவை கூடியிருந்தது என்ற பின்னணியை ஆசிரியரே இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். அதையும் மாணவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டால் நேரம்தான் வீண்.

அடுத்து, சான்றுகள். மூன்றுக்கு மேல் வேண்டாம், ஒவ்வொன்றும் நூறு சொல்லுக்குள். அக்கால ஆங்கில நாளிதழ்ச் செய்திகள் சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்பில் கிடைக்கும். சுருக்கினால் விட்ட இடத்தில் புள்ளிகள் இடுங்கள். மலாய் மொழிபெயர்ப்பையும் கீழே கொடுங்கள். மோகோக் (வேலைநிறுத்தம்), துந்துத்தான் (கோரிக்கை) போன்ற ஐந்தாறு சொற்களை முன்கூட்டியே விளக்கிவிடுங்கள். இல்லையென்றால் ஆங்கிலம் தெரிந்த ஒருவரே குழு முழுவதற்கும் யோசிப்பார்.

இங்கே வழக்கமாக நேரும் பிழை, “துரைமார் பத்திரிகை, எல்லாம் பொய்” என்று ஒதுக்குவது. தோட்ட நிர்வாகம் எதைக் கண்டு அஞ்சியது என்பதற்கு அந்தச் செய்தியே நல்ல சான்று. யார் படிப்பதற்காக எழுதியது, தொழிலாளியை எந்தச் சொல்லால் குறிக்கிறது, யாருடைய குரல் அதில் இல்லை என்று கேட்க வையுங்கள்.

இன்னொரு பிழை, எல்லாவற்றையும் வேலைநிறுத்தத் தலைவர் ஆர். எச். நாதனின் தூண்டுதல் என்று முடிப்பது. அதற்கு மருந்து காலவரிசை. வேலைநிறுத்தங்கள் மார்ச்சிலேயே தொடங்கிவிட்டன. மே மாதத்தில் அவர் கைதானார். அதன் பிறகு போராட்டம் பரவியது, படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தனர். அவர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். தேதிகளை வரிசையாக ஒட்டச் சொல்லிவிட்டு, “தூண்டியவரைப் பிடித்த பிறகும் ஏன் பெரிதானது?” என்று கேளுங்கள். வகுப்பு தானாகச் சைக்கிளுக்குத் திரும்பும்.

பல இனத்தார் அமர்ந்திருக்கும் வகுப்பில் ‘சீனருக்கு இணையான கூலி’ என்பது இன்றைய இனச் சண்டையாகத் திரும்பக்கூடும். கூலியை நிர்ணயித்தது யார் என்ற கேள்விக்கு உடனே கொண்டுவாருங்கள். சீனர்கள் பெரும்பாலும் குத்தகையாளர் மூலம் பேரம் பேசி வேலைக்கு வந்தார்கள். இந்தியருக்கான கூலியைத் தோட்ட முதலாளிகள் தங்களுக்குள் பேசி வைத்தார்கள். பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு இதில் பங்கில்லை என்பது அப்போது தெளிவாகும்.

கடைசிப் பத்து நிமிடத்தில் முதல் தாள்களைத் திருப்பிக் கொடுங்கள். அதே பதிலைச் சிவப்பு மையில் திருத்தட்டும்: ஒரு தேதியும் சான்றிலிருந்து ஒரு சொற்றொடரும் கட்டாயம். மதிப்பெண்ணைச் சிவப்பு மைக்கு மட்டும் போடுங்கள்.