வெள்ளையெல்லாம் குளோரைட்டு அல்ல

நமது கல்லூரியில் 1980களின் தொடக்கத்தில் உயர்தரம் படித்த யாரிடம் ஆய்வுகூடத்தைப் பற்றிக் கேட்டாலும் முதலில் அந்த மணத்தைத்தான் சொல்வார்கள். கிப்பின் உபகரணத்தில் இரும்புச் சல்பைட்டின்மேல் அமிலம் பட்டு ஐதரசன் சல்பைட்டு கிளம்பினால், கலைப்பிரிவு வகுப்புவரை கூழ்முட்டை மணம் போகும். அங்கிருந்து வரும் ஏச்சுக்கெல்லாம் எங்கள் இரசாயனவியல் மாஸ்ரர் மசிந்ததில்லை. யன்னலைத் திறந்துவிட்டுத் தன்பாட்டில் நிற்பார்.

பெயர் ஒட்டாத குப்பியில் கொஞ்சம் தூள் தருவார். கரைத்து, அதிலுள்ள கற்றயன் (நேரேற்ற அயன்) எது, அனயன் (மறையேற்ற அயன்) எது என்று சொல்லவேண்டும். கற்றயனுக்கு ஒழுங்கு முக்கியம். முதலில் ஐதான (நீர்த்த) ஐதரோக்குளோரிக்கமிலம். கரையாத வெள்ளைப் படிவு, அதாவது வீழ்படிவு, விழுந்தால் வெள்ளியோ ஈயமோ இருக்கலாம்; வெந்நீரில் கரைந்தால் ஈயம், அமோனியாவில் கரைந்தால் வெள்ளி. ஒன்றும் விழாவிட்டால்தான் அந்த அமிலக் கரைசலுக்குள் ஐதரசன் சல்பைட்டு. செப்பென்றால் கறுப்பு, கட்மியமென்றால் மஞ்சள். படியைத் தாண்டிக் குதித்தவனுக்கு விடை சரியாக வந்தாலும் புள்ளி இல்லை.

அலுமினியமும் நாகமும் (துத்தநாகம்) எங்களை நன்றாக அலைக்கழித்தன. இரண்டுக்கும் சோடியம் ஐதரொட்சைட்டு விட்டால் வெள்ளை. இன்னும் விட்டால் இரண்டும் கரைந்துபோகும். பிரித்துக் காட்டுவது அமோனியாதான். மிகையாக விட்டால் நாகம் கரையும், அலுமினியம் கிடந்தபடி கிடக்கும். சுவாலைச் சோதனையில் சோடியத்தின் மஞ்சள் மற்றதையெல்லாம் மூடிவிடும். பொற்றாசியத்தின் மெல்லிய ஊதாவைக் காண நீலக் கோபால்ற்றுக் கண்ணாடி வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு துண்டு, அதுவும் மூலை உடைந்தது.

அழகென்றால் ஈய அயடைட்டு. மஞ்சள் வீழ்படிவைத் தண்ணீரோடு மதுசார விளக்கில் கொதிக்க வைத்தால் குழாய் நிறமில்லாமல் தெளியும். ஆறவிட்டால் தங்கத் தகடுகள் மினுமினுத்து இறங்கும். பாடத்தில் ஆர்வமே இல்லாத பெடியன்களும் அதைப் பார்க்க மட்டும் முன்னுக்கு வந்து நிற்பார்கள்.

ஆனால் எனக்கு நெஞ்சில் தைத்தது குளோரைட்டுச் சோதனை. வெள்ளி நைத்திரேற்று விட்டால் வெள்ளை வரும் என்பது புத்தகம் படித்த எல்லாருக்கும் தெரியும். மாஸ்ரர் விடமாட்டார்.

"வெள்ளை எண்ட உடன குளோரைட்டோ? காபனேற்றும் வெள்ளையாத்தானே விழும். முதல்ல நைத்திரிக்கமிலம் விட்டனியோடா தம்பி?"

அமிலம் விட்டால் காபனேற்று நுரைத்துப் போய்விடும். அதன் பிறகும் தயிர்க்கட்டி போல விழுந்து, ஐதான அமோனியாவில் கரைந்தால்தான் குளோரைட்டு. ஒருநாள் வகுப்பில் எல்லாருடைய உப்பிலும் குளோரைட்டு இருந்தது, சல்பேற்று வாங்கியவனுக்கும்! மாஸ்ரர் ஒன்றும் பேசாமல் வெறுங்குழாய் ஒன்றைக் கல்லூரிக் கிணற்றுத் தண்ணீரில் அலசினார். அதே தண்ணீரைக் கொஞ்சம் உள்ளே விட்டு, அமிலமும் இரண்டு துளி வெள்ளி நைத்திரேற்றும் சேர்த்தார். கலங்கியது. குளோரைட்டு இருந்தது கிணற்றுத் தண்ணீரில்தான். அதற்குப் பிறகு, கடைசி அலசல் காய்ச்சி வடித்த நீரில் என்பது சட்டம்.

அடுத்த கிழமை அவரவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் கொண்டுவரச் சொன்னார். பாடத்திட்டத்தில் இல்லாத வேலை. செம்மண் பக்கத்திலிருந்து வந்த தண்ணீரில் மெல்லிய கலங்கல்தான். கடனீரேரிக் கரைப் பெடியன் கொண்டுவந்ததோ கட்டிகட்டியாய் விழுந்தது. அமோனியம் ஒட்சலேற்று விட்டபோது எல்லாப் போத்தலிலும் கல்சியம். யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல், வேறென்ன வரும்? கேத்திலின் அடியில் வெள்ளையாய்ப் படிவதும் அதுதான் என்று தெரிந்தது அன்றைக்கு. மழைநீர் அந்தக் கல்லுக்குள் இறங்கி, கீழே உள்ள உவர்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது என்றும், துலாவை விட்டு இயந்திரத்தால் மிஞ்சி இறைத்தால் உவர் மேலே ஏறும் என்றும் அவர் சொன்னார். புவியியல் பாடத்தில் இதை இவ்வளவு தெளிவாக யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

அந்தச் சோதனைகளுக்குள் அகப்படாத ஒன்றும் அதே தண்ணீருக்குள் இருந்தது: நைத்திரேற்று. ஏறத்தாழ எல்லா நைத்திரேற்றும் நீரில் கரையும் என்பதால் வீழ்படிவு காட்டாது. புதிதாகக் கரைத்த பெரசுச் சல்பேற்றைச் சேர்த்து, குழாயைச் சரித்துப் பிடித்து, செறிந்த சல்பூரிக்கமிலத்தை ஓரமாக இறக்கினால் இரண்டும் சந்திக்கும் இடத்தில் கபில வளையம் வரும். கை ஆடினால் போச்சு. தூளாகத் தந்த உப்புக்கு அது போதும், கிணற்றில் லீற்றருக்குச் சில பத்து மில்லிகிராம் அளவில் இருப்பதை நம்பிச் சொல்ல அது போதாது. உரம் போட்டுப் பயிர்செய்யும் பகுதிக் கிணறுகளில் நைத்திரேற்று மிஞ்சியிருப்பதைப் பின்னாளில் வந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டின. உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேலே போனால் கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைக் காவுவது குறையலாம். நல்ல தண்ணி என்று நாங்கள் பெருமை பேசிய கிணறுகளும் அப்படி மிஞ்சிய கிணறுகளுக்குள் அடக்கம்.

ரொறன்ரோவுக்கு வந்து நான் காலம் தள்ளியதும் தண்ணீர் சோதிக்கும் ஆய்வுகூடத்தில்தான். குளோரைட்டு, நைத்திரேற்று, சல்பேற்று எல்லாவற்றையும் அயன் குரோமற்றோகிராஃபி இயந்திரம் ஒரே ஓட்டத்தில் அளந்து தந்துவிடும். பனிக்காலத்தில் வீதியில் கொட்டும் உப்பு ஓடைகளுக்குள் இறங்குவதால் இங்கும் குளோரைட்டுத்தான் தலையிடி. நீர்வாழ் உயிர்களுக்கு நீண்டகால எல்லையாகக் கனடா வைத்திருப்பது லீற்றருக்கு 120 மில்லிகிராம். மார்கழி, தையில் நகரத்து ஓடைகள் அதை எளிதாகத் தாண்டும். புதிதாக வரும் பிள்ளைகள் இயந்திரத்தின் எண்ணை அப்படியே நம்புவார்கள். தூய நீரை மட்டும் வெற்று மாதிரியாக ஓட்டினீர்களா, போத்தலை எதில் அலசினீர்கள் என்று நான் கேட்டால் முகத்தைச் சுளிப்பார்கள்.

பழைய மாணவர் சங்கம் இம்முறையும் கல்லூரிக்குக் கணினிகள் அனுப்பக் காசு சேர்ப்பதாக அறிந்தேன். நல்லது, என் பங்கும் உண்டு. அந்தப் பட்டியலில் 25 கிராம் வெள்ளி நைத்திரேற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் 0.1 மோல் கரைசலாக ஏறத்தாழ ஒன்றரை லீற்றர் வரும். துளித்துளியாகப் பாவித்தால் பல வகுப்புகளுக்குக் காணும். வெளிச்சம் படாமல் கபில நிறப் போத்தலில் வைக்கச் சொல்லுங்கள்.