ஏழு வரை எண்ணினேன்

இந்தப் பள்ளிக்கு ஆசிரியராக வந்து நாலு மாதம் ஆகிறது. இன்னும் பாதிப் பிள்ளைகளின் பெயரைத் தப்பாகத்தான் உச்சரிக்கிறேன். என்னைத் திருத்துவதில் அவர்களுக்குத் தனி சந்தோஷம்.

என் பெரிய குறை, கேள்வி கேட்டுவிட்டு மௌனத்தைப் பொறுக்க மாட்டேன். பதிலையும் நானே சொல்லிவிடுவேன். ஆசிரியர்கள் பெரும்பாலும் 1 விநாடிதான் காத்திருக்கிறார்கள், அதை 3 விநாடியாக்கினாலே பிள்ளைகளின் பதில் நீளும் என்று 1970களிலேயே ஆராய்ந்து சொன்னவர் அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ. சரி, பார்ப்போமே என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு, மனசுக்குள் 1, 2 என்று எண்ணினேன். வேற்று மொழியில் யோசிக்கிற பிள்ளைக்கு 3 எங்கே போதும்? 7 வரை போனேன். (வியர்த்துவிட்டது.) இத்தனை நாள் வாயே திறக்காத கடைசி பெஞ்சுப் பெண் எழுந்தாள். விடை தப்புதான். ஆனால் முழு வாக்கியம்.