அட்ஜஸ்ட் பண்ணிக்குவேன் சார்

மாதிரி நேர்காணலின் கடைசியில் நான் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். "வேலைக்குச் சேர்ந்தால் நாங்கள் உங்களுக்கு என்ன செய்து தர வேண்டும்?" முதல் வருடம் இதைக் கேட்டபோது வகுப்பில் இருந்த 11 பேரும் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். "ஒண்ணும் வேண்டாம் சார். அட்ஜஸ்ட் பண்ணிக்குவேன்."

நல்ல பதில் என்றே நானும் நினைத்தேன். பணிவாக இருக்கிறது, நம்பிக்கையாகவும் இருக்கிறது, முதலாளிக்குப் பிடித்துப்போகும். அந்தப் பதிலுக்காகவே இரண்டு பேருக்கு 'வெரி குட்' சொன்னதாக ஞாபகம்.

மதுரையில், மாற்றுத்திறனாளி மாணவர்களை வேலைக்குத் தயார்செய்யும் ஒரு சின்னப் பயிற்சி மையத்தில் இருக்கிறேன். பட்டப்படிப்பு முடித்தவர்களும் கடைசி வருடத்தில் இருப்பவர்களும் வருவார்கள். பாதிக்கு மேல் பார்வையற்றவர்கள். அப்புறம் காதுகேளாதவர்கள், சக்கர நாற்காலியிலோ ஊன்றுகோலிலோ வருபவர்கள். கணினி, கொஞ்சம் ஆங்கிலம், நேர்காணல், இவ்வளவுதான் எங்கள் பாடம். தயார்செய்வது என்றால் என்ன என்பதில் முதல் இரண்டு வருடம் எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. குழப்பம் வந்தது உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருவனால்.

பிறவியிலேயே பார்வை இல்லாதவன். எம்.ஏ. தமிழ். கணீரென்ற குரல். வாகனக் கடன் கொடுக்கும் ஒரு நிதி நிறுவனத்தின் கிளையில், தவணை தவறியவர்களுக்கு போன் செய்து நினைவூட்டும் வேலை கிடைத்தது. சேருவதற்கு முந்தைய நாள் கிளை மேலாளர் தானாகவே என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "தம்பிக்காக என்னென்ன ஏற்பாடு பண்ணணும் சார்?"

"ஒண்ணுமே வேண்டாம் சார். ஒரு ஹெட்போன், இலவசமா கிடைக்கிற ஒரு சாஃப்ட்வேர். மத்தபடி எல்லாரையும் மாதிரிதான்" என்றேன். சொல்லும்போது பெருமையாகக்கூட இருந்தது.

அந்த சாஃப்ட்வேர் என்விடிஏ. திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் செயலி. பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞரான மைக்கேல் கரன் 2006இல் தொடங்கியது. காசு கொடுத்து வாங்கவேண்டிய திரைவாசிப்பான்கள் அந்த நாளில் எங்கள் மாணவர்களுக்கு எட்டாக்கனி. என்விடிஏ வரவில்லை என்றால் எங்கள் மையமே இல்லை. தமிழையும் வாசிக்கும். குரல் இயந்திரத்தனமாக இருக்கும், ஆனால் மாணவர்கள் அதை நாம் பின்தொடர முடியாத வேகத்தில் வைத்துக் கேட்பார்கள்.

ஆறாம் நாள் மேலாளர் மறுபடியும் கூப்பிட்டார். "சார், பையன் கஸ்டமருக்கு போன் போட்டு அவங்க பேரை அவங்ககிட்டயே கேக்குறானாம். ஏமாத்துற கும்பல்னு நினைச்சு ரெண்டு பேர் நேரா ஆபீஸுக்கே வந்துட்டாங்க."

ஓடினேன். அவன் முன்னால் ஒரு எக்ஸெல் கோப்பு. தொலைபேசி எண், பாக்கித் தொகை, தேதி எல்லாம் சரியாகவே வாசிக்கிறது. பெயர் மட்டும் வரவில்லை. பார்த்தால், பெயர்களையெல்லாம் யாரோ ஒரு காலத்தில் பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் இன்றைய பொதுமுறை யுனிகோடு. அது வருவதற்கு முந்தைய எழுத்துருக்கள் வேறு மாதிரி. அவற்றில் தமிழ் எழுத்து வெறும் முகமூடிதான், அடியில் கிடப்பது ஆங்கில எழுத்து. திரையில் 'முருகன்' என்று அழகாகத் தெரியும். கோப்புக்குள் இருப்பதோ கே, யூ, எஃப், டி, செமிகோலன். கண்ணுள்ளவர் அந்த முகமூடியைப் பார்க்கிறார். அவன் காதில் விழுவது உள்ளே இருக்கும் கே, யூ, எஃப்.

"அஞ்சு நாளா ஏன்டா யார்கிட்டயும் சொல்லல?"

அவன் என் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. வேறொன்று சொன்னான். "கடைசியில டி செமிகோலன் வந்தா அது 'ன்' சார். நிறைய பேர் அப்படித்தான் முடியுது, முருகன், கண்ணன், பாண்டியன். அதை வச்சுக் கண்டுபிடிச்சேன். எஃப் வந்தா 'க'. இன்னும் ஒரு வாரம் இருந்தா முழுசா பிடிச்சிருப்பேன்."

ஒரு எழுத்துருவின் ரகசியக் குறியீட்டை, காதால் கேட்டே, ஆள்பெயர்களின் கடைசி எழுத்தை வைத்து அவிழ்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அந்த மூளைக்குச் சம்பளம் கொடுக்க அந்தக் கிளையில் ஆள் கிடையாது. பக்கத்து மேஜைக்காரரிடம் "அண்ணே, இது வாசிக்க மாட்டேங்குது" என்று சொல்வதைவிட இது அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. அட்ஜஸ்ட் பண்ணுவது என்றால் இதுதான்.

எழுத்துரு மாற்றியில் போட்டு யுனிகோடாக்க 15 நிமிடம்கூட ஆகவில்லை. "முதல் நாளே கேட்டிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்குமே தம்பி" என்றார் மேலாளர். அதற்கு அவன், "ஒண்ணுமே வேண்டாம்னு சார்தான் சொல்லிட்டாங்களே" என்றான்.

திரும்பி வரும் வழியில் பெரியார் பேருந்து நிலையத்தில் இறங்கி ஒரு டீ குடித்தேன். அவன் சொன்னது குற்றச்சாட்டாக இல்லை, சாதாரணத் தகவலாக இருந்தது. அதுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு பாடத்தை மாற்றினேன். எங்கள் மாணவர்களில் பலர் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், சட்டம் எண்ணோடு தெரியும். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள், 2016 சட்டத்தில் 21. அரசுப் பணியில் இட ஒதுக்கீடு 3 சதவீதத்திலிருந்து 4 ஆனது. கடகடவென்று ஒப்பிப்பார்கள். அதே சட்டத்தில் 'ரீசனபிள் அக்காமடேஷன்' என்று ஒன்று இருக்கிறதே, உன் விஷயத்தில் அது என்ன என்று கேட்டால் அமைதியாகிவிடுவார்கள். வேலை கொடுப்பவர் தலையில் தாங்கமுடியாத சுமை ஏற்றாமல், ஒருவர் மற்றவர்களைப் போல வேலைசெய்யத் தேவையான மாற்றம் என்பது அதன் சாரம். அரசு அலுவலகங்கள் அதைச் செய்துதர வேண்டும் என்கிறது 20ஆவது பிரிவு. தனியார் உட்பட எல்லா நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும் என்கிறது 21ஆவது பிரிவு. நேர்காணலுக்குப் போன ஒரு பையன் அந்தக் கொள்கையைப் பற்றிக் கேட்டானாம். எதிரே இருந்தவர், "அப்படின்னா?" என்று இவனிடமே விளக்கம் கேட்டிருக்கிறார்.

சட்டத்தைச் சொல்லி வேலையில் சேர முடியாது, தெரியும். அதனால் ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி ஒரே ஒரு பக்கம் எழுத வேண்டும் என்று வைத்தேன். நான் எப்படி வேலை செய்வேன், எங்கே மாட்டிக்கொள்வேன், அப்போது என்ன செய்தால் போதும். முதலில் வந்த தாள்கள் இரண்டே ரகம். ஒன்று, 'எதுவும் தேவையில்லை'. இன்னொன்று, 'தாங்கள் கருணை கூர்ந்து உதவ வேண்டுகிறேன்'. இரண்டையும் திருப்பிக் கொடுத்தேன். ஐந்தாறு முறை எழுதிய பிறகு ஒரு பெண் கொண்டுவந்த தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது: 'எக்ஸெல்லில் செல்களை ஒன்றாக இணைக்க வேண்டாம், நான் வழிதவறிவிடுவேன். ஸ்கேன் செய்த பிடிஎஃப் எனக்கு வெற்றுத்தாள், டைப் செய்த கோப்பைக் கொடுங்கள். முதல் நாள் அரை மணி நேரம் யாராவது என்னோடு கட்டடத்தைச் சுற்றி நடந்தால் போதும். இரண்டாம் நாள் தேவையில்லை.' அந்தக் கடைசி வரி எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

எழுதினால் மட்டும் போதாது, வாயால் கேட்க வேண்டும். நான் கடுகடுப்பான மேலாளராக உட்காருவேன். "இதெல்லாம் இங்க முடியாதுப்பா." பாதிப் பேர் அந்த இடத்திலேயே அடங்கிவிடுவார்கள், சிலர் சட்டப் பிரிவை எடுத்து வீசுவார்கள். அப்படி ஒருநாள் நான் விறைப்பாகப் பேசிக்கொண்டிருந்தபோது, குறைபார்வை உள்ள ஒரு மாணவி மெதுவாகக் கேட்டாள்: "கண்ணாடியைக் கழட்டிட்டு என் பயோடேட்டாவைப் படிச்சுக் காட்டுவீங்களா சார்?" வகுப்பே சிரித்துவிட்டது. அதற்கு மேல் என்னால் அந்த மேலாளராக நடிக்க முடியவில்லை.

இன்னொரு விஷயம், வெளியே அதிகம் பேசப்படாதது. பார்வையற்ற மாணவர்கள் பள்ளியிலிருந்தே தேர்வைச் சொல்லி எழுதுகிறவர்கள். ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு, பக்கத்தில் எழுதித்தர ஆள் உண்டு. விடை அவர்களுடையது, எழுத்துப்பிழையும் எழுத்துச் சுத்தமும் அடுத்தவருடையது. பிரெய்லில் ஊறியவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். கேட்டே படித்தவர்கள் அலுவலகத்தில் முதல்முறையாகச் சொந்தக் கையால் தட்டச்சு செய்யும்போது 'பணம்' 'பனம்' ஆகிறது. இயந்திரக் குரலில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்து கேட்டுத் திருத்தப் பழக்க வேண்டும். அலுப்பான வேலை. இதற்குக் குறுக்குவழி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

காதுகேளாதவர்கள் விஷயத்தில் நான் அடிபட்டுக் கற்றது தலையாட்டல். ஒரு துணி நிறுவனத்தில் பில் போடும் வேலையில் இருந்த பெண், மேற்பார்வையாளர் எது சொன்னாலும் தலையாட்டுவாள். உதட்டைப் பார்த்துப் பாதிதான் புரிந்திருக்கும். புரியவில்லை என்று காட்டினால் எதிரே இருப்பவர் முகம் சுருங்குவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வந்தவள். தலையாட்டினால் அந்த முகம் தெளிந்துவிடும். இதைப் புரிந்துகொள்ளாமல் "சரின்னு தலையாட்டிட்டு வேற ஒண்ணைச் செய்யுறா" என்று கோபப்பட்டுப் பயனில்லை.

அவளே ஒருநாள் மேற்பார்வையாளருக்கு வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பியிருந்தாள்: 'நாளை வர மாட்டேன். அம்மா ஆஸ்பத்திரி.' அவருக்கு ஏகக் கோபம். "லீவு கேக்கலை சார், தகவல் சொல்றா." உண்மையில் அவள் கேட்கத்தான் செய்திருக்கிறாள். பிறவியிலேயே காது கேட்காத பலருக்குச் சைகைமொழிதான் முதல் மொழி, தமிழ் பள்ளியில் கற்ற இரண்டாம் மொழி. சைகைமொழிக்குத் தனி இலக்கணம். நாம் வேற்றுமை உருபையும் வினைமுற்றையும் யாரிடமும் படிக்கவில்லை, காதில் விழுந்து வந்தது. 'வா'வுக்கும் 'வாங்க'வுக்கும் நடுவில் இருக்கும் அந்த மரியாதையும் காதுவழி வந்ததுதான். அது அவளுக்கு வந்து சேரவே இல்லை. அவருக்கு இதை விளக்க ஒரு மணி நேரம் பிடித்தது. அவளுக்கு 'நாளை எனக்கு விடுப்பு வேண்டுங்க சார்' என்ற வாக்கியத்தைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம். 'புரியவில்லை, எழுதிக் காட்டுங்கள்' என்று போனில் சேமித்துவைத்து நீட்டப் பழக்க ஒரு மாதம்.

சக்கர நாற்காலியில் வரும் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பதை நான் கவனிக்கவே மூன்று வருடம் ஆனது. வாசலில் சாய்தளம் இருக்கும், பூ வைத்துத் திறந்திருப்பார்கள், கழிப்பறைக் கதவுக்குள் நாற்காலி நுழையாது. இப்போது ஒரு நிறுவனத்துக்குப் போனால் சாய்தளத்தைப் பார்ப்பதில்லை. கையில் டேப் எடுத்துக்கொண்டு நேராகக் கழிப்பறைக்குப் போகிறேன். வரவேற்பில் இருப்பவர்கள் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

இதற்கெல்லாம் நடுவில் 'பாவம்' என்ற சொல்லோடு சண்டை. பாவம், பஸ் பிடிச்சு வந்திருக்கான், தாமதமானால் என்ன. பாவம், பாஸ் போட்டுவிடலாம். வீட்டில் பாவம், கல்லூரியில் பாவம். அப்படியே வளர்ந்தவன் 23 வயதில் வேலையில் முதல் திட்டு வாங்கியதும் அடுத்த நாள் போகவில்லை. நானும் அப்படிப் பாவம் பார்த்தவன்தான், அதனால் யாரையும் குறை சொல்ல முடியவில்லை. இப்போது 10 மணி வகுப்புக்கு 10.10க்கு வந்தால் வெளியே நிற்கச் சொல்கிறேன். "இத்தனை வருஷத்துல என்னைத் திட்டுற முதல் ஆள் நீங்கதான் சார்" என்றான் ஒருவன். அதை எப்படி எடுத்துக்கொள்வதென்று இன்னும் தெரியவில்லை.

உசிலம்பட்டிப் பையன் அந்தக் கிளையில் இரண்டு வருடம் இருந்தான். இப்போது வேறு இடத்தில், கொஞ்சம் கூடுதல் சம்பளத்தில் இருக்கிறான். போன மாதம் பழைய மாணவர்களுக்கென்று ஒரு சுற்றறிக்கை அனுப்பினேன். மூன்று பக்கம், கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து, வாட்ஸ்அப்பில். கால் மணி நேரத்தில் போன் வந்தது.

"சார், நீங்க அனுப்புனது படமா இருக்கு. டைப் பண்ணி அனுப்புங்க. சாயங்காலத்துக்குள்ள வேணும், நான் இன்னும் நாலு பேருக்குச் சொல்லணும்."

"மூணு பக்கம்டா. போன்லயே வாசிச்சுக் காட்டட்டுமா?"

"வேண்டாம் சார். டைப் பண்ணியே அனுப்புங்க."

உட்கார்ந்து அடித்தேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு அட்டவணை வந்தது. தலைப்பை நடுவில் அழகாக நிறுத்த இரண்டு செல்களை இணைக்கப் போன கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டேன். அனுப்பும்போது மணி ஆறரை. 'வாசிக்குது சார்' என்று பதில் வந்தது.