புது எஞ்சினைப் பழக்கிய முதல் 1,500 கிலோமீட்டர்

புதுக் கார் வந்தபோது, முதல் 1,000 கிலோமீட்டருக்கு மெதுவாக ஓட்டினால் போதும் என்றே நானும் நினைத்திருந்தேன். கையேட்டை ஊன்றிப் படித்த பிறகே, வேகத்தைக் குறைப்பதைவிட ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டாதிருப்பது முக்கியம் என்று புரிந்தது.

பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் சிலிண்டரின் சுவரில் சாய்வான மெல்லிய கீறல்களைத் தொழிற்சாலையிலேயே குறுக்குமறுக்காக இட்டிருப்பார்கள். அவை ஆயிலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அவற்றின் மேடுகள் தேயத் தேய, பிஸ்டனைச் சுற்றியுள்ள உலோக வளையமான பிஸ்டன் ரிங் சுவரோடு இழைந்து அமரும். எரியும் வாயுவின் அழுத்தம் ரிங்கின் பின்புறம் புகுந்து அதைச் சுவரோடு சேர்த்து அழுத்தினால்தான் இது சரியாக நடக்கும் என்பதால், எஞ்சினுக்கு மிதமான சுமை தேவைப்படுகிறது. பயந்து பயந்து ஓட்டினால், ரிங் சரியாக அமருமுன்பே சுவர் வழவழப்பாகிவிடும். பிற்காலத்தில் எஞ்சின் ஆயில் குடிக்கும்.

முதல் 500 கிலோமீட்டரில் எஞ்சின் சுற்றை நிமிடத்துக்கு 2,000 முதல் 3,000 வரை சீராக ஏற்றி, பிறகு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, கியரிலேயே வேகம் தணிய விட்டேன். நெடுஞ்சாலையிலும் இதையே செய்தேன். வேகத்தைத் தானாக ஒரே அளவில் வைத்திருக்கும் குரூஸ் கன்ட்ரோலைத் தொடவே இல்லை. 340ஆவது கிலோமீட்டரில் ஒரு தவறு நேர்ந்தது. மேட்டில் ஐந்தாவது கியரிலேயே ஏற்றப் பார்த்தேன். வண்டி அதிர்ந்து திணறியது. குறைந்த சுற்றில் இப்படித் திணற விடுவது, புது எஞ்சினுக்கு அதிகச் சுற்றைப் போலவே கெடுதல். உடனே மூன்றாவதுக்கு இறக்கினேன். அதன்பின் மேடு தெரிந்ததுமே கியரைக் குறைக்கப் பழகிக்கொண்டேன்.

காலையில் வண்டியை நிறுத்திய இடத்திலேயே வெகுநேரம் ஓட விட்டுச் சூடாக்கவில்லை. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின் சூட்டைக் காட்டும் கூலன்ட் முள் நடுவுக்கு வந்த பிறகும் ஆயில் முழுச் சூட்டுக்கு வரச் சற்று நேரமாகும் என்பதால், முதல் பத்து நிமிடங்கள் நிதானமாகவே ஓட்டினேன்.

ஆயில் அளவைச் சமதளத்தில், எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடங்கள் கழித்து, கோடிட்ட அளவுக் கம்பியான டிப்ஸ்டிக்கில் பார்த்து வந்தேன். 600 கிலோமீட்டரில் மேல்கோட்டிலிருந்து சிறிது இறங்கியிருந்தது. 1,000இல் இன்னும் கொஞ்சம். கையேடு கேட்காவிட்டாலும் அப்போதே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினேன். பழைய ஆயிலை வெயிலில் பிடித்துப் பார்த்தபோது மிக நுண்ணிய வெள்ளிப் பொடி மினுமினுத்தது. புது எஞ்சினின் முதல் ஆயிலில் இது இயல்பே. ஆனால் விரலில் உறுத்தும் துகள் இருந்திருந்தால் கவலைப்பட்டிருப்பேன்.

அடுத்த 500 கிலோமீட்டரில் சுற்றைச் சிறிது சிறிதாக 4,500 வரை உயர்த்தினேன். இன்று காலை டிப்ஸ்டிக்கைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். புது ஆயில் ஊற்றியபோது நின்ற அதே கோட்டில் நிற்கிறது.