வேலணையில் ஆறு வாரம் ஆங்கில டீச்சராக

இலங்கையில் யாழ்ப்பாணத்தை ஒட்டிய தீவில் இருக்கிறது வேலணை. அங்கே சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போயிருந்தேன். முதலில் அந்த ஆட்டோ விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆறு வாரம் ஆகியும் மனசு ஆறவில்லை.

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன். நான்கு மணி நேரப் பயணத்தில் பாதி நேரம் பிளாஸ்டிக் பையை வாயருகே பிடித்தபடியே போனது. காங்கேசன்துறையில் இறங்கியபோது கால் தரையில் பாவவில்லை. வெளியே வந்ததும் ஒருவர், "அக்கா, ரவுணுக்கோ?" (டவுனுக்கா) என்று கேட்டுக்கொண்டே என் பையை வாங்கி ஆட்டோவில் வைத்துவிட்டார். ஏழாயிரம் என்றார். இலங்கை ரூபாய்தான், நம் கணக்கில் இரண்டாயிரம். பேரம் பேச உடம்பில் தெம்பில்லை. யாழ்ப்பாண நகரை ஒட்டிய கொக்குவிலில் நான் தங்கப்போகும் வீட்டு அம்மா வாசலிலேயே கேட்டார், "எவ்வளவு குடுத்தனீர் பிள்ளை?" சொன்னேன். "அறாவிலை! றோட்டுக்கு ஏறினால் பஸ் நிக்குமே" என்று தலையில் கை வைத்துவிட்டார். இருபது கிலோமீட்டர்கூட இல்லாத தூரம். கப்பல் டிக்கெட் போக ஆறு வாரத்துக்கும் நான் கையில் வைத்திருந்தது அறுபதாயிரம் இந்திய ரூபாய். அதில் முதல் மணி நேரத்திலேயே இரண்டாயிரம் போனது. காங்கேசன்துறையில் இறங்குபவர்கள் தயவுசெய்து கொஞ்சம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, தலைசுற்றல் தீர்ந்த பிறகு வெளியே வாருங்கள்.

நான் திருச்சியில் பதினோரு வருடமாக எல்.கே.ஜி. வகுப்பு எடுக்கிறேன். வெளிநாட்டில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது பழைய ஆசை. இணையத்தில் தேடியதும் ஒரு ஏஜென்சி வந்து நின்றது. நான்கு வாரத்துக்குத் தொண்ணூற்றைந்தாயிரம் கேட்டார்கள். விமான டிக்கெட் அதில் சேராது. அந்தப் பணத்தில் பள்ளிக்கு எவ்வளவு போகும் என்று கேட்டேன். மூன்று மெயில் அனுப்பியும் பதில் இல்லை. உழைக்க வருகிறவரிடம் பணம் வாங்கி, உழைப்பு போய்ச் சேரும் இடத்துக்கு ஒன்றும் கொடுக்காத இந்த வியாபாரம் எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசியில் தோழியின் உறவினர் மூலமாக வேலணையில் ஒரு சனசமூக நிலையம் நடத்தும் முன்பள்ளி கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் ஊருக்கு ஊர் சனசமூக நிலையம் உண்டு. ஒரு வாசிப்பறை, செய்தித்தாள், முன்னால் ஒரு மைதானம், பல இடங்களில் பக்கத்திலேயே சின்னப் பிள்ளைகளின் பள்ளி. பணம் எதுவும் கேட்கவில்லை. விசாவுக்குத்தான் இரண்டரை மாதம் அலைந்தேன். சம்பளம் வாங்காமல்தானே வகுப்பு எடுக்கிறோம் என்று நினைத்துச் சுற்றுலா விசாவில் போய்விடாதீர்கள். அந்த விசாவில் சம்பளமில்லாத வேலையும் செய்யக்கூடாது. அழைப்பவர்கள் மூலமாக முறையான அனுமதி வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

கொக்குவிலிலிருந்து யாழ்ப்பாண பஸ் நிலையம், அங்கிருந்து வேலணை. காலை ஏழு மணி பஸ்ஸில் ஏறினால் பண்ணை என்ற இடத்தைத் தாண்டும் வரை நிற்கத்தான் வேண்டும். கண்டக்டர் பையன் படியில் தொங்கிக்கொண்டு "உள்ளுக்கை போங்கோ, உள்ளுக்கை போங்கோ" என்று விடாமல் கத்துவான். உள்ளே ஊசி குத்த இடமிருக்காது. நம் ஊர் சினிமாப் பாட்டு காதைக் கிழிக்கும். இரண்டாவது வாரம் ஒரு பழைய பஸ் பண்ணைத் தாம்போதியின், அதாவது கடலுக்குக் குறுக்கே தீவுக்குப் போகும் சாலையின், நடுவிலேயே நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் கடல், நிழலுக்கு ஒரு செடிகூட இல்லை. ஒரு மணி நேரம் வெயிலில் நின்றோம். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில்தான் அந்தக் கடலை ஒழுங்காகப் பார்த்தேன். முழங்கால் அளவுத் தண்ணீரில் ஒருவர் நடந்தே போய், நட்டு வைத்த கழிகளுக்கு நடுவே வலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வகுப்புப் பிள்ளைகளில் பலருடைய அப்பாக்களின் வேலை அதுதான்.

வகுப்பில் பதினான்கு பிள்ளைகள். எல்லோருக்கும் நான்கு, ஐந்து வயது. அவர்களின் டீச்சர் இருபத்துநான்கு வயதுப் பெண். முதல் நாள் நான் திருச்சியிலிருந்து தூக்கிப்போன படங்களை எடுத்துச் சுவரில் ஒட்ட ஆரம்பித்தேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, குறை நினைக்காதேங்கோ. போன வருசம் வெளிநாட்டிலை இருந்து ரெண்டு பேர் வந்தவை. ரெண்டு கிழமை (வாரம்) நிண்டவை. பிள்ளையளோடை படம் எடுத்தவை, போயிட்டினம். பிள்ளையள் ஒரு மாசமா எங்கை எங்கை எண்டு கேட்டுக்கொண்டிருந்ததுகள். நீங்களும் ஆறு கிழமையிலை போயிடுவியள். பிறகு என்னட்டைத்தானே இருக்கப் போகுதுகள்? எனக்குச் சொல்லித் தாங்கோ. நான் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கிறன்."

அன்று மத்தியானமே என் திட்டத்தைக் கிழித்துப் போட்டேன். அதற்குப் பிறகு தினமும் பிள்ளைகள் போன பின் ஒன்றரை மணி நேரம் நாங்கள் இருவரும் உட்கார்ந்து அடுத்த நாள் பாடத்தைப் பேசிப் பழகினோம். வகுப்பில் அவர் நடத்த, நான் பக்கத்தில் இருந்தேன். வெளியிலிருந்து போகிற எவரும் இப்படித்தான் செய்ய வேண்டும் என்று இப்போது அடித்துச் சொல்வேன். பிள்ளைகளோடு நான் ஒரு புகைப்படமும் எடுத்துக்கொள்ளவில்லை. எனவே இந்தப் பதிவில் படம் தேடாதீர்கள்.

மூன்றாம் நாள் நடந்ததை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். கரும்பலகையில் டீச்சர் 'ரென்' என்று எழுதியிருந்தார். பத்து என்பதற்கான ஆங்கிலச் சொல். எனக்கு அது 'ர' என்று கண்ணில் பட்டு உறுத்தியது. "பிள்ளைகளா, டென்!" என்று திருத்தினேன், நம் ஊர் 'ட'வில். முன்வரிசையில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு குட்டி எழுந்து நின்று, "இல்லை ரீச்சர், அப்பிடி இல்லை" என்று சொல்லிவிட்டு, வாயைத் திறந்து நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்று விரலால் காட்டினாள். மேல்பல்லுக்குப் பின்னாலுள்ள ஈறில் நாக்கு நுனி. பிறகு சொன்னாள். அவ்வளவு சுத்தமான ஆங்கில ஒலி!

அன்று இரவு யோசித்தபோதுதான் புரிந்தது. 'காற்று', 'வெற்றி' என்பவற்றில் வரும் 'ற்ற'வை யாழ்ப்பாணத்தில் இன்றும் நாக்கு நுனியை ஈறில் தொட்டுத்தான் சொல்கிறார்கள். நம் பேச்சில் அது 'காத்து' ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் 'டேபிள்', 'டென்' தொடங்கும் ஒலி பிறப்பதும் அதே ஈறில்தான். நாம் நாக்கை மடித்து 'ட' போடுகிறோம். அவர்கள் எழுத்தில் 'ர' போட்டு, வாயில் அந்தப் பழைய தமிழ் ஒலியைக் கொண்டுவருகிறார்கள். பதினோரு வருடமாக நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்ததை ஐந்து வயதுப் பிள்ளை தன் தமிழை வைத்தே சரியாகச் சொல்லிவிட்டது.

அதன் பிறகு பாடம் அவர்களின் தமிழிலிருந்தே தொடங்கியது. 'நாற்காலி' என்றால் ஒருவருக்கும் தெரியவில்லை. அங்கே அது கதிரை, போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல். செருப்புக் கடையில் வாங்கும் ஷூ அங்கே சப்பாத்து, மேசை டிராயர் லாச்சி. முதலில் அவர்கள் சொல்லைக் கேட்டு வாங்கி, பிறகுதான் ஆங்கிலச் சொல். சுவரில் தொங்கிய பழைய அட்டவணையில் 'ஐ' எழுத்துக்கு இக்ளூ போட்டிருந்தது. பனிக்கட்டியில் கட்டிய வீட்டை வேலணைப் பிள்ளைக்கு எப்படி விளக்குவது? அதை எடுத்துவிட்டு ஒரு அட்டையில் ஐலண்ட், அதாவது தீவு, வரைந்தோம். "நாங்கள் இருக்கிறது ஐலண்டிலை" என்று டீச்சர் சொன்னதும் பதினான்கு பேரும் காலுக்கடியில் குனிந்து பார்த்தார்கள். 'சி'க்கு க்ராப், 'பி'க்கு போட், 'டபிள்யூ'வுக்கு வெல். முற்றத்துக் கிணற்றைச் சுற்றி நின்று "வெல், வெல்" என்று கத்தியது பக்கத்துத் தெருவரை கேட்டது. 'ஜி'க்கு அட்டையே தேவைப்படவில்லை. பக்கத்து வீட்டு ஆடு தினமும் பத்து மணிக்கு வகுப்புக்குள் தலையை நீட்டும். "கோட் வந்திட்டுது ரீச்சர்!"

பெற்றோர் கூட்டத்தில் கொஞ்சம் உரசல். ஒரு அம்மா, "நாலு வயசிலை எழுதப் பழக்கினால்தானே ஸ்கொலர்சிப்புக்கு நல்லது" என்றார். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையைத்தான் சொல்கிறார். நான்கு வயதுப் பிள்ளையின் கையில் இப்போதே அதன் பாரம்! இலங்கைப் பாடத்திட்டத்திலேயே முதல் இரண்டு வகுப்புகளில் ஆங்கிலம் விளையாட்டும் பேச்சுமாகத்தான் வருகிறது, புத்தகம் வைத்துப் படிப்பது மூன்றாம் வகுப்பில்தான். இதை டீச்சரே எழுந்து நிதானமாகச் சொன்னார். அந்த அம்மா முழு மனதாக ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. எல்லாம் தொலைந்தாலும் படிப்பு தொலையாது என்று நம்பி வாழ்ந்த சனம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்திலுள்ள வட்டுக்கோட்டைக்குப் போனேன். 1816-இல் அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணம் வந்தார்கள். 1823-இல் அவர்கள் வட்டுக்கோட்டையில் தொடங்கிய உயர்கல்வி நிலையம்தான் செமினரி. இப்போது அந்த இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் யார் தெரியுமா? 1857-இல் தேறிய சி.வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும். இருவரும் இந்தச் செமினரியில் படித்த யாழ்ப்பாணத்தார். பின்னாளில் தொல்காப்பியமும் கலித்தொகையும் ஏட்டிலிருந்து அச்சுக்கு வர உழைத்த அதே தாமோதரம்பிள்ளைதான்.

திரும்பும் வழியில் மானிப்பாயில் கிறீன் நினைவு மருத்துவமனையைப் பார்த்தேன். டாக்டர் சாமுவேல் கிறீன் 1847-இல் அமெரிக்காவிலிருந்து வந்தவர். மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். வெளியிலிருந்து வந்தவர் ஊர் மொழியைத் தான் கற்றுக்கொண்டு அதிலேயே சொல்லிக்கொடுத்தார். வாசலில் வெகுநேரம் நின்றேன்.

சாப்பாட்டைச் சொல்லாவிட்டால் கொக்குவில் அம்மா மன்னிக்க மாட்டார். தினமும் காலையில் புட்டு, இல்லாவிட்டால் இடியப்பமும் சொதியும் (தேங்காய்ப்பால் குழம்பு). நான்காம் வாரம் சனிக்கிழமை ஒடியல் கூழ் காய்ச்சினார். காய்ந்த பனங்கிழங்கை இடித்த மா, நண்டு, இறால், மீன் தலை, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை, அரைத்த செத்தல் மிளகாய், பழப்புளி, எல்லாம் ஒரே பானையில். முற்றத்தில் வட்டமாக உட்கார்ந்தோம். பனையோலையைத் தோணி மாதிரி மடித்த பிளாவில் ஊற்றித் தந்தார். முதல் வாயிலேயே கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். காரம் அடங்கியதும் ஒடியலின் லேசான கசப்பு, அடியில் நண்டின் இனிப்பு. ஓலையின் வாசம் வேறு. மூன்று பிளா குடித்தேன். "இன்னும் கொஞ்சம் விடட்டே பிள்ளை?" நான்காவதும் குடித்தேன். என் வாழ்க்கையில் நான் சாப்பிட்ட மிகச் சிறந்த பத்துச் சாப்பாட்டில் இதற்கு ஓர் இடம் நிச்சயம்.

அறைக்கும் காலைச் சாப்பாட்டுக்கும் நாளொன்றுக்கு 1,500 இலங்கை ரூபாய். நாற்பத்திரண்டு நாளுக்கு 63,000, நம் பணத்தில் ஏறக்குறைய பதினெட்டாயிரம். பஸ், மத்தியானச் சாப்பாடு, அட்டை, கலர் பென்சில் எல்லாம் சேர்த்தும் கையில் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். திரும்பும் நேரத்தில் கடல் கொந்தளித்துக் கப்பல் ரத்தானது. யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலியிலிருந்து விமானம் பிடித்ததில் மிச்சமும் போய், அம்மாவிடம் கடன் வாங்கித்தான் இந்த மாதம் ஓடுகிறது. மழைக்காலத்தை ஒட்டிப் போகிறவர்கள் திரும்புவதற்கு விமானக் காசைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

கடைசி நாள் விழா எதுவும் வேண்டாம் என்று டீச்சரிடம் கேட்டுக்கொண்டேன். வழக்கம்போல அவர் பாடம் நடத்தினார், நான் பக்கத்தில் இருந்தேன். பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைகள் போனார்கள். "நாளைக்கு வருவியளோ?" என்று கேட்ட பையனிடம் வரமாட்டேன், என் ஊருக்குப் போகிறேன் என்று உள்ளதைச் சொன்னேன். "சரி. கோட் வரும்" என்றான்.

இருபத்தாறு எழுத்து அட்டையில் பத்தொன்பதுதான் நாங்கள் சேர்ந்து முடித்தோம். எல்லாம் டீச்சரின் மேசை லாச்சிக்குள் இருக்கின்றன. மீதி ஏழையும் அவர் தானே வரைகிறார். நேற்று இரவு வாட்ஸப்பில் கேட்டிருந்தார்: "அக்கா, எக்ஸுக்கு என்ன கீறுறது? சைலபோன் எண்டு புத்தகத்திலை கிடக்கு. ஒருத்தரும் கண்டதில்லை." அந்த இசைக்கருவியை விட்டுவிட்டு மீன் பெட்டி வரையச் சொன்னேன். பாக்ஸ் என்று சொன்னால் கடைசியில் எக்ஸ் கேட்கும். காலையில் படம் வந்தது. பெட்டி நிறைய மீன், மேலே ஒரு நண்டு.